இரண்டிலும் சிவப்புப் பூ

போன வருடம் தை மாதம் என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. புதுச்சத்திரம் பக்கம் எங்கள் கோழிப்பண்ணையில் ஒரு வரிசை முட்டை எடுப்பதற்குள் மூச்சு முட்டும். இதய ரத்தக்குழாயில் கொழுப்பு படியத் தொடங்கிவிட்டது, இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்து எடையைக் குறைத்தால் இதயத்தின் பாரம் குறையும் என்றார் சேலம் டாக்டர். ஆயிரம் கோழிக்கு ஊசி போட்ட கை என்னுடையது. எனக்குக் கத்தி என்றதும் பாதி உயிர் போய்விட்டது.

வழக்கப்படி குலதெய்வமான அம்மனிடம் பூக் கேட்டோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. பூசாரி எடுப்பது வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. பொட்டலம் மடித்தது நான். இரண்டிலும் சிவப்பையே வைத்தேன்.

சிவப்புதான் வந்தது. வீட்டுக்காரர் ஆபரேஷன் பேச்சையே விட்டுவிட்டார்.

ஆடி மாதம் பண்ணையிலேயே நெஞ்சை அடைத்தது. வேர்த்துக் கொட்டியது. மாரடைப்பு இல்லை, ஆனால் இனியும் தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார்கள் ஆஸ்பத்திரியில். படுக்கையில் கிடந்து அழுதேன். ஆத்தா, உன் பெயரில் பொய் சொன்னவள் நான், என்னைப் பிழைக்க வை என்று வேண்டினேன். பிறகு வீட்டுக்காரரிடமும் சொன்னேன்.

"ஏனுங்க, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தானுங்க வெச்சேன்."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஆத்தாகிட்டயேவா புள்ள? செரி உடு. அவ கோவிச்சிருந்தா உன்னைய உசுரோட இங்க கொண்டாந்து சேத்திருப்பாளா? ஆபரேசனுக்குப் போலாம்."

ஆபரேஷன் முடிந்து வீடு வந்த நாலாம் நாள் இதயம் படபடவென்று அடித்தது. தையல் விட்டுவிட்டதோ, அம்மன் இப்போதுதான் தண்டிக்கிறாளோ என்று நடுங்கினேன். மறுபடி சேலத்துக்கு ஓடினோம். ராசிபுரம் தாண்டியும் அவள் பெயரைத் தவிர வாயில் வேறெதுவும் வரவில்லை. சோதித்தால், உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வருடத்தில் நாற்பது கிலோ குறைந்தது. மூன்று பிரஷர் மாத்திரை ஒன்றானது. ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு போய்விடவில்லை, ஆனால் அதற்குமேல் வளரவும் இல்லை, இதயம் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கைகூப்பி அழுதேன்.

இன்றும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின நாள் எனக்குச் சோறு இறங்காது. பயத்தை எடுத்துவிடு என்று ஆத்தாவிடம் கேட்பதில்லை. கூட வா என்றுதான் கேட்கிறேன். வருகிறாள். உங்களோடும் வருவாள். பயந்துகொண்டே போங்கள், பயத்துக்காகப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.