யோசனை அறை

நாவற்குடாவில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் தேநீர் ஊற்றிய அக்காவுக்கு ஒல்லி உடம்பு, உரத்த குரல். நின்றபடி கேட்பவனுக்கு ஊற்ற மாட்டார். "இரிங்க மனே, இருந்து குடிங்க" என்பார். அதனால் அவருடைய நீள மர வாங்கில் எப்போதும் நாலு பேர் கதைத்துக்கொண்டிருப்போம். என் மண்டையில் உதித்த ஓரிரண்டு நல்ல யோசனைகளும் அங்கே உதித்தவைதான்.

புதிதாகச் சிந்திக்கத் தனி அறை வேண்டும் என்றார் முதலாளி. வடிவமைக்கும் பொறுப்பு இந்த மேதைக்கு. வாவி தெரியும் ஒரே இடம் தேநீர் அறை. வரைபடத்தை அக்காவின் மேசையிலேயே விரித்து, அவர் தந்த தேநீரைக் குடித்தபடி வரைந்தேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள என்ட அடுப்பு எங்க மனே?"

"மெசின் வருது அக்கா. இனி நீங்களும் இருந்து குடிக்கலாம்" என்று பகிடி விட்டேன்.

"ஓம் மனே. வீட்டில போய் இருந்து குடிக்கிறன்" என்றவர், எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார்.

மாத முடிவில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே மெத்தென்ற இருக்கைகள், எழுதுவதற்கு வெள்ளைச் சுவர், வாவிக் காற்று. எல்லோரும் மெசினில் தேநீரைப் பிடித்துக்கொண்டு தங்கள் மேசைக்குப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் சாய்ந்திருக்கிறேன்.

அக்காவைத் தேடிப் போகலாம் என்றால், ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்பது மட்டுமே தெரியும். எங்கள் எல்லோருக்கும் அவர் தேத்தண்ணி அக்காதான். மூன்று வருடம் அவர் கையால் குடித்த எனக்கு, பெயரைக் கேட்கும் யோசனை ஒருநாளும் வரவில்லை.