பிஸ்கட் டின்னில் குழந்தை இயேசு

மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு வருடம் குழந்தை இயேசு கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே பிறந்துவிட்டார். பிறக்க வைத்த புண்ணியவதி நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

அந்த டிசம்பரில் சித்திக்கு ஏழாம் மாதத்திலேயே ஆண்பிள்ளை பிறந்தது. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். "எலிக்குஞ்சாட்டம் இருக்குது. சூட்டுக்கு விளக்குப் போட்டுருக்காங்க" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்துத் தோட்டங்களிலும் இரண்டு தாய்மார்களுக்கு இதே கதி. பால்மரம் வெட்டும் கூலியில் பிள்ளையைப் போய்ப் பார்க்க பஸ்ஸுக்குக் கொடுப்பதா, வீட்டில் உலை வைப்பதா?

வருடாவருடம் மாமாதான் கிறிஸ்மஸ் பாட்டுக் குழுவைக் கூட்டிக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் லயமாகப் போவார். தகர உண்டியலில் விழும் காசில் பண்டிகை பிரியாணி ஆகும். இந்த வருடக் காசு அந்த மூன்று குடும்பத்துக்கு என்று சொல்லிவிட்டார். பையன்கள் முகம் தொங்கிப்போனது.

"பிரியாணிய அடுத்த வருசம் தின்னுக்கலாம் லா. புள்ளைங்கள அடுத்த வருசத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா?" என்றார் மாமா.

பாட்டுக் குழு எப்போதும் ஒரு சின்ன மரக்குடிலைத் தூக்கிக்கொண்டு போகும். மாதாவும் சூசையப்பரும் இருப்பார்கள். நடுவில் தொட்டில் காலியாக இருக்கும். கிறிஸ்மஸ் அன்றைக்குத்தான் அதில் குழந்தை இயேசுவான பாலன் வர வேண்டும். அதுவரை அந்தச் சொரூபத்தை மாதா கோயில் அலமாரியில் வைத்துக் காப்பவர், பாதர் இல்லாத நாளில் ஜெபம் நடத்தும் உபதேசியார். மகா கண்டிப்பு. பிள்ளைகள் யாரும் அதைத் தொட முடியாது.

முதல் நாள் மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டம்மா வழியில் குடிலைப் பார்த்துவிட்டு, "வெறுந் தொட்டிலத் தூக்கிட்டு வந்து புள்ளைக்குக் காசு கேக்குறீங்களே, புள்ள எங்கய்யா?" என்று சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் உபதேசியார் அசந்த நேரம் பார்த்துப் பாலனை எடுத்துவிட்டேன். சீக்கிரம் வந்த பிள்ளை, குளிருமே! கடைக்காரரிடம் கண்ணாடி மூடி போட்ட பிஸ்கட் டின் ஒன்றைக் கெஞ்சி வாங்கி, இலவம்பஞ்சை மெத்தையாகப் போட்டு, அப்பாவின் டார்ச் விளக்கை உள்ளே எரியவிட்டுக் குடிலின் நடுவில் வைத்தேன். மேலே துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

அன்று பாட்டு பூசாரி வீட்டுக்கு வந்தது. வாசலில் நான் துணியை விலக்கியதும், கூட வந்த உபதேசியார் கோபத்தில் துள்ளிக் குதித்தார். "யாரு பாத்த வேல இது? நாள் வர்றதுக்கு முந்தி வைக்கலாமா?"

"ஏழு மாசத்துலேயே பொறந்துட்டாரு. பெட்டியில வச்சாப் பொழச்சுக்குவாரு," என்றேன்.

பாட்டு நின்றுபோனது. உபதேசியார் மூடியைத் திறக்கக் கை நீட்டினார். பூசாரி வீட்டம்மா அந்தக் கையைப் பிடித்தார்.

"தொறக்காதீங்கண்ணே. புள்ளைக்குக் குளிரும்."

உள்ளே போய் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்துவந்தார். தைப்பூசத்துக்கு நேர்ந்து முடிந்து வைத்த காசு. அதை அப்படியே தகரத்தில் போட்டார். "முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவனும் புள்ளதானே." உபதேசியார் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். பாலன் டின்னிலேயே எல்லா லயத்தையும் சுற்றி வந்தார். அந்தக் காசில் மூன்று தாய்மார்களும் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஓர் அறையெடுத்துத் தங்கினார்கள்.

கிறிஸ்மஸ் காலையில் பாதர் டவுனிலிருந்து வந்து பூசை வைத்தார். மாமா அந்த அறையிலிருந்து சித்தியையும் கூட்டி வந்திருந்தார். பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று பாலனின் பாதத்தை முத்தி செய்வோம். உபதேசியார் கையில் ஏந்தி நிற்பார். ஒவ்வொரு முத்தத்துக்கும் துணியால் துடைப்பார்.

சித்தி முறை வந்தது. அவள் குனியவில்லை. உபதேசியார் கையிலிருந்து பாலனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொண்டே நின்றாள்.

எனக்கோ வீட்டில் கேக் காத்திருந்தது. "சித்தி, முத்தம் குடுத்துட்டு நகருங்க. எல்லாரும் நிக்கிறாங்க லா," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் வெறுங்கையோடு தலையைக் குனிந்து நின்றார்.

பொங்கல் கழிந்து சித்தி மகன், என் தம்பி, வீட்டுக்கு வந்தான். இன்று கதவுநிலையில் தலை இடிக்கிற உயரம்.

அந்தக் கிறிஸ்மஸ் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவிடம் புலம்பித் தீர்த்தேன். "நான் எடுத்தா மட்டும் திட்டுறாரு. சித்தி எடுத்தப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?" அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெற்ற நாளிலிருந்து அதுவரை சித்தி தன் பிள்ளையை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.