புகார் ஏதுமில்லை

அந்த ரோஸ் நிறத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஆட்டத் தாளின் கார்பன் நகல். இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்கள், கோல்கள், மஞ்சள் அட்டைகள். அடியில் ‘புகார் ஏதுமில்லை’ என்று அச்சடித்த ஒரு வரி. அதன்கீழ், அணி மேலாளர் என்ற முறையில் என் கையெழுத்து. நிதானமாகப் போட்ட, அழகான கையெழுத்து.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்தபின் போடவேண்டிய கையெழுத்தை மேலாளர்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுக் கொடுத்துவிடுவோம். முடிந்ததும் நடுவரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், நேராகச் சாப்பிடப் போகலாம். நடுவர்களுக்கும் அது வசதி. பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஒருநாளும் உறுத்தியதில்லை.

எங்கள் கோல்கீப்பர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கடல்கடந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர். வாரத்தில் ஆறு நாள் லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போய்வருவார். ஏழாவது நாள் தேக்கா கடைத்தெருவில் முடிவெட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் மைதானத்துக்கு வருவார். பந்து விளையாட வருகிறவருக்கு இஸ்திரி எதற்கு என்று நாங்கள் கிண்டல் செய்வோம். “இன்னைக்கு ஒருநாள்தாண்ணே என்னையப் பேர் சொல்லிக் கூப்புடுறாங்க. மத்த நாளெல்லாம் நம்பர்தான்” என்று ஒருமுறை சொன்னார். அதோடு கிண்டலை விட்டுவிட்டோம்.

அந்த ஆட்டம் குவீன்ஸ்டவுனில் நடந்தது. இரண்டாம் பாதியில் எதிரணியின் முன்கள ஆட்டக்காரர் அடித்த பந்தை இவர் பாய்ந்து தடுத்தார். அடித்தவரும் தமிழர்தான், என்னைப் போல இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நேராக இவர் முகத்தருகே வந்து, “டேய் கருப்பா, ஊர்க்காரப் பயலே, போய் உன் லாரியில ஏறுடா, நாறுது” என்றார். ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இங்கே பிறந்தவர்கள் வைத்திருக்கும் ஏளனப் பெயர் ‘ஊர்க்காரன்’. கோட்டோரம் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. நடுவருக்குத் தமிழ் தெரியாது. கோல்கீப்பர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம் சொல்லிப் பார்த்தார். நடுவர் கையை வீசி ஆடச் சொன்னார். இவர் கையுறைகளைக் கழற்றிக் கோல் கம்பத்தடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

மறுநாளே புகார்க் கடிதம் எழுதினேன். சில வாரம் கழித்து ஒழுங்குக் குழு தெம்பனிஸில் ஓர் அலுவலக அறையில் கூடியது. மூன்று பேர், அதில் ஒருவர் தமிழர். என் காதால் கேட்டதைச் சொன்னேன். தலைவர் அந்த ஆட்டத் தாளை என் பக்கம் நகர்த்தி, ஆட்டம் முடிந்ததும் புகார் இல்லையென்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். முன்கூட்டியே போட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், விதியை மீறியதற்காக என் மேலாளர் பொறுப்பு போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை. கோல்கீப்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

இருவரும் ஒரே இனம், ஆகவே இனவசை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தீர்ப்பளித்தார்கள். திட்டியவருக்கு ஓர் எச்சரிக்கை. அனுமதியில்லாமல் மைதானத்தை விட்டுப் போனவருக்கு அந்தப் பருவம் முழுவதும் தடை. ஒரே இனமாம்! லாரியில் போகிறவரும், அந்த லாரியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவரும் ஒன்று என்று கண்டுபிடிக்க மூன்று படித்த மனிதர்கள், ஒரு குளிர்சாதன அறை. வெளியே மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அந்தத் தமிழ் உறுப்பினர் என் தோளைத் தட்டி, “நமக்குள்ள இதெல்லாம் சகஜம் லா” என்றார். அந்தக் கை பட்ட இடத்தைத் துடைத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் என் கை மட்டும் என்ன சுத்தம்?

கோல்கீப்பரும் நானும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். பேருந்து வருவது தெரிந்தபோதுதான் சொன்னார்.

“நீங்க முன்னாடியே கையெழுத்துப் போட்டத நான் பாத்தேண்ணே. உள்ள சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தடை முடிந்த பிறகும் அவர் மைதானத்துக்கு வரவில்லை.

போன ஞாயிறு ஆங் மோ கியோவில் ஓர் ஆட்டம். தொடங்கும் முன் நடுவர் தாளை நீட்டினார். முடியட்டும் என்றேன். எதிரணி மேலாளர் ஏற்கெனவே போட்டிருந்தார். அன்று திட்டிய அதே ஆள், இப்போது மேலாளராகிவிட்டார். “என்னண்ணே, சாப்பிடப் போக வேணாமா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்த பிறகே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து, பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் புகார் ஏதுமில்லை. இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோலவே இருந்தன.