நாப்பது நெஞ்சுக்கு ஒரே பாஸ்வேர்டு

முன்னெல்லாம் வாட்ச் கடைக்கு வந்தா "மணி சரியாக் காட்டுமா?"ன்னு கேப்பாங்க; இப்ப "நெஞ்சு சரியா அடிக்குதான்னு காட்டுமா?"ன்னு கேக்கறாங்க. காந்திபுரத்துல பதினோரு வருசமாக் கவுன்டர்ல நிக்கறேனுங்க. கால் வீங்க நின்னு, வாய் வலிக்கச் சிரிச்சு, சாமான் விக்கற என் இனமே, இந்தக் கொடுமையை உங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்ல?

மச்சான் நம்பர் எதுக்கு?

சரோஜா அக்கா பல்லடத்துல ஒரு பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். அப்பப்ப நெஞ்சு படபடங்குது, வாட்ச் கட்டி ஒரு மாசம் பாத்துட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உள்ளூர்ல வாங்கினா விசயம் பரவிருமுன்னு பஸ் ஏறி எங்க கடைக்கு வந்தாங்க. போன வருசம் கூட வேலை பாத்த ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னதும், ரொம்ப மரியாதையா வீட்டுக்கு அனுப்பிப்போட்டாங்களாம். "கம்பெனிக்கு மட்டும் தெரியக் கூடாது அம்மணி"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

வாட்சுக்கான ஆப்பை அவங்க போன்ல ஏத்துனேன். போன்ல இருக்கற நம்பரையெல்லாம் பாக்கலாமா, எங்க போறீங்கன்னு பாக்கலாமா, பேசறதைக் கேக்கலாமான்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு கேக்குது. எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு. எல்லாத்துக்கும் "வேண்டாம்"னு அமுக்கினேன். அக்கா எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க அம்மணி, ஆஸ்பத்திரியில கூட என்ற மச்சான் நம்பரைக் கேக்கலையே, இதுக்கு எதுக்குங்க?"ன்னாங்க.

கடைக் குடும்பம்

அக்காவுக்கு மெயில் இல்லை. அதுக்கு எங்க கடையில ஒரு வழக்கம்: மெயில் இல்லாதவங்களுக்கெல்லாம் கடை மெயில்தான். ஆப்புல "குடும்பம்"னு ஒரு வசதி இருக்கு. அதுல சேந்தவங்க நெஞ்சுத் துடிப்பையெல்லாம் ஒரே திரையில பாக்கலாம். பேரு, ஊரு, போட்டோன்னு போட்டுச் சேத்துருவோம். பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு யாரும் வந்து நிக்க மாட்டாங்க பாருங்க! தாராபுரத்து விவசாயி, ஆனைமலை டீச்சர்னு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத நாப்பது பேரு ஒரே குடும்பம். பாஸ்வேர்டு கவுன்டர் கண்ணாடியில ஒட்டியிருக்கும்.

"அக்காவுக்குப் புது மெயில் போட்டுக் குடுக்கலாமுங்க"ன்னேன். சீனியர் பிரகாஷ் அண்ணன் கேக்கலை. கூட்டம் வேற, நானும் விட்டுப்போட்டேன். என்னையச் செருப்பாலயே அடிக்கணும். அண்ணன் சொன்னாரு: "நம்ம கடை மெயில்தானுங்களே, நாமென்ன வெளியாளுங்களா?"

டெமோ

ரெண்டு வாரம் கழிச்சு ஏதோ கம்பெனி மேனேஜர் ஒருத்தர் வந்தாரு. தீபாவளிக்கு ஆபீஸ் ஆளுகளுக்கெல்லாம் வாட்ச் வேணுமாம். பிரகாஷ் அண்ணனுக்கு வாயெல்லாம் பல்லு. கடை டேப்லெட்டைத் திறந்து நம்ம "குடும்பத்தை"க் காட்டுனாரு. "பாருங்க சார், இந்தம்மா பல்லடத்துல இருக்காங்க, ஹார்ட் பீட் இங்க தெரியுது. நூத்தி முப்பத்தெட்டு!" திரையில சரோஜா அக்கா போட்டோ. மேனேஜர் கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு.

நான் ஓடிப் போய் டேப்லெட்டைப் புடுங்கினேன். "மாடிப்படி ஏறியிருப்பாங்க சார், யாருக்கும்தான் ஏறும்!"னு கத்துனேன். அடுத்தவங்க நெஞ்சைக் கடைவீதியில கடை பரப்ப நாம யாருங்க? அந்த மனுசன் கோவமே படலை. கும்பிட்டுட்டு, "நல்லதுங்க, எங்க சூப்பர்வைசரம்மாவுக்கு இப்படின்னு இப்பவாவது தெரிஞ்சுதே, பாவம், ரெஸ்ட் எடுக்கட்டுமுங்க"ன்னு போயிட்டாரு.

திரும்பி வந்த வாட்ச்

அன்னைக்கே கவுன்டர் கண்ணாடியில இருந்த பாஸ்வேர்டு சீட்டைக் கிழிச்சேன். நாப்பது பேரையும் கூப்பிட்டு, அவங்கவங்க மெயில், அவங்கவங்க கையாலயே பாஸ்வேர்டுன்னு மாத்த ஆரம்பிச்சேன். வேலையைக் கெடுக்கறேன்னு முதலாளி சத்தம் போட்டாரு. போடட்டும்.

மறு வாரம் அக்கா வந்தாங்க. ரெஸ்ட் எடுங்கன்னு கம்பெனியில அவங்களையும் மரியாதையா வீட்டுக்கு அனுப்பிப்போட்டாங்களாம். வாட்சைக் கழட்டிக் கவுன்டர்ல வெச்சாங்க. "மன்னிச்சிருங்கக்கா"ன்னேன். அவங்க என்னையத் திட்டலை. "ஒரு மாசம் பாத்துட்டு வரச் சொன்ன டாக்டரே இன்னும் பாக்கலை அம்மணி, அதுக்குள்ள கம்பெனி பாத்துப்போட்டாங்க"ன்னாங்க.

பதினோரு வருசமா வாட்ச் விக்கற என் கையில இன்னைக்கும் முள்ளு சுத்தற பழைய வாட்ச்தானுங்க. அதுக்கு மணியைத் தவிர என்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது.