கடைசி ஆள் வரும்வரை ரிமோட் அக்கா இடுப்பில்

நேற்று இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போனில் சைக்கிள் போட்டி பார்த்தேன். ஐரோப்பாவில் மூன்று வாரம் ஓடுமே, அதுதான். மலை உச்சியில் முடிகிற நாள். முதலில் வந்தவன் இரண்டு கையையும் தூக்கினான். படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதித் தள்ளினார்கள். அதில் ஒருத்தர், "பின்னாடி ஏறிக்கிட்டு இருக்கறவங்க எல்லாம் வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். அந்த மனிதர் கையில் கிடைத்திருந்தால், மம்சாபுரம் விலக்கிலிருந்து ஆடிக்காற்றில் ஒரு தடவை சைக்கிள் மிதிக்க விட்டிருப்பேன்.

மம்சாபுரம் விலக்கு என்று சொன்னதும் நாக்கில் பஞ்சு ஒட்டுகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், போக வர சைக்கிள், வழியில் மம்சாபுரத்துக்குப் பிரிகிற இடம்தான் அந்த விலக்கு. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் தலை, புருவம், மூக்கு முடி எல்லாம் பஞ்சு. கேட்டுக்கு எதிரே சுப்பம்மா அக்காவின் டீக்கடை. ஒரு நாள் அந்தக் கடை டி.வி.யில், வேர்வை காய்ந்து உப்புப் பூத்த ஆட்கள் வெள்ளை வெள்ளையாகச் சைக்கிளில் மலையேறுவதைப் பார்த்த முத்தையா, "ஏலே, அவியளும் நம்ம மில்லுல இருந்துதான் வாராவ போல" என்றான். அவன் என் பக்கத்து மெஷின்காரன். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்கு அந்தப் பைத்தியம். மலைநாள் என்றால் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகமாட்டோம். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தோம்.

எங்கள் கூட்டம் பதினாலு பேர். ஜெயிக்கிறவனை நாங்கள் கண்டுகொள்வதே இல்லை. அவனுக்குக் கை தட்ட அங்கேயே ஆள் இருந்தது. எங்கள் கண்ணெல்லாம் கடைசியில் வருகிறவன் மேல். முதல் ஆள் வந்து இத்தனை நிமிஷத்துக்குள் வராதவன் மறுநாள் போட்டியில் கிடையாது என்று ஒரு சட்டம் உண்டு. அதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு மணிக்குச் சங்கு, ஏழு அஞ்சுக்குக் கேட் அடைப்பு என்று பிழைத்தவர்கள் நாங்கள். முதல் ஆள் வந்ததும் கடையில் யாராவது "நியூஸ் போடுக்கா" என்பார்கள். அக்கா ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொள்வாள். "கடைசி ஆளு வரட்டும். அவசரம்னா வேற கடைக்குப் போ." தள்ளாடி வருகிறவனைக் கண்டால், பாவம் என்பதை வீட்டுத் தெலுங்கில் "பாப்பம், பாப்பம்" என்று சொல்லி உருகுவாள்.

அந்த ஆடியில் முத்தையாவுக்கு முழங்காலில் நீர் கோத்துக்கொண்டது. மம்சாபுரத்திலிருந்து எதிர்க்காற்றில் ஒற்றைக் காலால் மிதித்து வருவான். ஒரே மாதத்தில் மூன்று தடவை பிந்தி, மூன்று தடவையும் கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலாவது தடவை என்றால் வேலை போச்சு. வீட்டில் அவன் மனைவிக்கு மாசம் நிறைந்திருந்தது.

அந்த வாரம் ஒரு மலைநாளில் சைக்கிள்காரர்களில் பெருங்கூட்டம் ஒன்று நேரம் தாண்டி வந்தது. "போச்சு, அம்புட்டுப் பேரும் அவுட்டு" என்று நான் தலையில் கை வைத்தேன். மில் ஃபிட்டர் தங்கராசு அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். இங்கிலீஷ் வர்ணனையை அவர்தான் எங்களுக்குச் சொல்வார், அதில் பாதி சொந்தச் சரக்கு.

"தள்ள மாட்டானாம்லே. மொத்தக் கூட்டத்தையும் தள்ளிட்டா நாளைக்கு யாரை வச்சுப் போட்டி நடத்துவான்? அதான் பிந்துனவன் எல்லாம் சேர்ந்தே வருதான்."

மறுநாள் பார்த்தால் அத்தனை பேரும் ஓட்டினார்கள். அண்ணன் சொன்னதில் ஒன்றாவது உண்மையாக இருந்தது. நாங்கள் எல்லாரும் முத்தையாவின் முழங்காலைப் பார்த்தோம்.

திங்கட்கிழமை விடிகாலையில் பதிமூன்று பேரும் மம்சாபுரம் விலக்கில் நின்றோம். ராஜபாளையத்துக்காரர்கள் நாலு பேர் மில் வாசலைத் தாண்டி எதிர்த்திசையில் மிதித்து வந்திருந்தார்கள். முத்தையா எங்களைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தான். "கிறுக்குப் பயலுவளா, போங்கலே. உங்க பொழப்பையும் கெடுத்துக்கிடாதிய." யாரும் போகவில்லை. அவனை நடுவில் விட்டு, காற்றுக்கு மறைவாக நாங்கள் முன்னால் மிதித்தோம். அதுவும் டி.வி.யில் கற்றதுதான். பாதி வழியில் சங்கு கேட்டது. என் கால் தன்னால் வேகமெடுத்தது. "எங்கலே போற?" என்றார் அண்ணன். பிரேக்கைப் பிடித்தேன்.

கேட்டுக்குப் போகும்போது ஏழு இருபது. ஸ்பின்னிங் மாஸ்டரே வெளியே வந்தார்.

"யாருய்யா லேட்டு?"

"எல்லாரும்தான் சார்" என்றார் அண்ணன்.

"முத்தையா மட்டும் நில்லு. மத்தவங்க உள்ள போங்க."

கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஒருத்தரும் அசையவில்லை. வீர வசனம் ஏதாவது பேசலாம் என்று வாயைத் திறந்தேன். "சார், ஒண்ணுக்குப் போகணும்" என்றுதான் வந்தது. "உள்ள போய்ப் போ" என்றார். "முத்தையா வந்தா வாரேன் சார்" என்றேன். என் ஆயுளில் நான் பேசிய பெரிய வசனம் அதுதான். உள்ளே ராத்திரி ஷிப்ட்காரர்கள் ஆள் மாற்ற நாங்கள் வராமல் வெளியே வர முடியாது. விஷயம் காதுக்குப் போனதும் அவர்கள் மெஷினை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். சத்தம் குறைவது கேட் வரைக்கும் கேட்டது. மாஸ்டர் உள்ளே பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"தொலைங்க, எல்லாரும்" என்றார்.

முத்தையா கடைசியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது சுப்பம்மா அக்கா செம்போடு ஓடி வந்து, அவன் தலையில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினாள். மலையில் ஜனங்கள் அப்படிக் கொட்டுவதை டி.வி.யில் பார்த்திருக்கிறாள். அது கடைசி ஆளுக்குச் செய்கிற மரியாதை என்று கடைசிவரை அடித்துச் சொன்னாள். ஈரச்சட்டையில் பஞ்சு அப்பிக்கொள்ள, முத்தையா அன்று முழு ஷிப்டும் வேலை பார்த்தான்.

இப்போது அந்த மில் இல்லை. கேட் இருந்த இடத்தில் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். ரோட்டை அகலமாக்கியதில் டீக்கடை போனது, பிறகு அக்காவும் போய்ச் சேர்ந்தாள். சங்குச் சத்தம் கிடையாது. நேற்றுப் போட்டியில் முதல் ஆள் வந்த கொஞ்ச நேரத்தில் விளம்பரம் வந்தது, அதோடு படம் நின்றுவிட்டது. சிரிக்கிற பொம்மைக்காரருக்கு, "கடைசி ஆள் இன்னும் வரவில்லை. வந்த பிறகு சிரிக்கலாம்" என்று பதில் தட்டினேன்.

அப்போதுதான் முத்தையா கூப்பிட்டான். மம்சாபுரத்தில்தான் இருக்கிறான். அன்றைக்கு வயிற்றில் இருந்த மகள் இப்போது காலேஜ் படிக்கிறாள்.

"கடைசி ஆளு வந்துட்டானாலே?"

"காட்டலை. கட் பண்ணிட்டான்."

"அக்கா இருந்தா கட் பண்ண விட்டிருப்பாளா? நீ போனை வச்சிராத. செத்த நேரம் இரு."

வைக்கவில்லை. அந்தக் கடைசி ஆள் மேலே ஏறியிருப்பான் என்று எங்களுக்குத் தோன்றுகிற வரைக்கும், இரண்டு பேரும் லைனிலேயே இருந்தோம்.