ஏணிமேல் கேட்ட குரல்

மாரமங்கலம் விஜயகுமாருக்கு மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போனபோது வயது நாற்பத்தொன்று. உயிர் தப்பியதே பெரிது என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன, சொல்லும். தொலைந்தது என்னவென்று அவருக்குத்தான் தெரியும்: மனைவி கலாவின் குரல்.

லேசாகக் கரகரத்து, முடிகிற இடத்தில் கொஞ்சம் மேலே ஏறும் குரல் அது. மிளகு பறிக்கும் நாட்களில் அவர் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி ஏறுவார். எந்தக் கொத்து பழுத்திருக்கிறது, எதை விட்டுவிட்டார் என்று கலா கீழே நின்று சொல்லிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருப்பாள். பதினெட்டு வருடம் அப்படித்தான் பறித்தார்கள். எவ்வளவு நல்ல காலம் அது! காது போனபின் ஏணி மாட்டுக்கொட்டகையில் கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குள் ஒரு கம்பி, காதுக்குப் பின்னால் ஒரு கருவி. அதை முடுக்கிய அன்று கலா "ஏனுங்க" என்றாள். தகரத்தில் ஆணி கீறியதுபோல ஏதோ கேட்டது. கருவி சத்தத்தைத்தான் அனுப்பும், அதைப் பழைய நினைப்போடு சேர்த்து இன்னார் குரலென்று ஆக்குவது மூளை, அதற்கு நாளாகும் என்று டாக்டரம்மா எழுதிக் காட்டினார். கலாவின் முகம் வாடுவதைப் பார்க்க மாட்டாமல் மனுஷர், "உன் குரலேதான்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனதோடு சொன்ன பொய்தான். நாலு மாதம் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தபடி கலா தினமும், அவர் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்காதபடி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள். காபி. பலா. கதவு. சொற்கள் மெல்லப் பிடிபட்டன. ஆனால் கேட்டது யாரோ ஒரு டீச்சர் குரல்போலத்தான் இருந்தது. பழைய குரலை நினைத்துப் பார்த்தால் அதுவும் மங்கிக்கொண்டே போனது. அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

மிளகு பழுத்தது. ஆள் கிடைக்காமல் அவரே ஏணியை எடுத்தார். கலா கீழே நின்று வலது, மேலே, கொத்து என்று பாடம் நடத்தினாள். அரை மணி நேரத்தில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, கைக்கெட்டற கொத்த உட்டுப்போட்டு அங்க என்னத்தத் தடவறீங்க? ஊட்ல எனக்கு வேற வேலையே இல்லீங்களா?"

அவர் கை நின்றது. கரகரப்பு இருந்தது. முடிவில் அந்த ஏற்றமும் இருந்தது. பதினெட்டு வருடத் திட்டு அவர் மூளைக்கு மனப்பாடம். கருவி கொடுத்த கீச்சொலியை மூளை வாங்கி, கலாவின் குரலாக்கிவிட்டது.

மரத்தைக் கட்டிக்கொண்டு, "இன்னொருக்கா திட்டு கலா" என்றார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். புரிவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"அப்ப நாலு மாசமா உங்களுக்குக் கேட்டது என் குரலில்லீங்களா?"

"இல்ல."

கலா ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு திட்டத் தொடங்கினாள், பொய் சொன்னதற்கும் சேர்த்து. அழுதுகொண்டேதான் திட்டினாள். விஜயகுமார் ஒரு கொத்துகூடப் பறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.