முன்வாசல் வழியாகவே போனோம்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். குன்னூர் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில், தம்பி வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறேன்.

தம்பியின் இளைய மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பயமும் அழுகையுமாக, சாப்பிடாமல் முடங்கிக் கிடந்த பிள்ளை, மனநல டாக்டரிடம் போக ஆரம்பித்த பிறகுதான் தேறி வந்தாள்.

போன மாதம் மூத்தவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "அவங்க போற வரைக்கும் சின்னவ உங்க ஊட்ல இருக்கட்டுங்க அண்ணி" என்று தம்பி மனைவி அனுப்பிவிட்டாள். நானும் சரி என்றேன்.

பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. "என்னைய ஒளிச்சு வெக்கிறீங்களா அத்தை? அப்ப நான் பைத்தியந்தான். இந்த மாத்திரை எதுக்கு?" என்று மாத்திரை அட்டையை அடுப்பில் போடப் போனாள். பாதியில் நிறுத்தவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"உங்க ஊட்டுக்கே போலாம், வர்றியா?" என்றேன். தலையாட்டினாள். கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே அழைத்துப் போனேன்.

"இவ எங்க சின்னவ. மனசுக்கு வைத்தியம் பாக்கறோம். தேறிட்டு வர்றா" என்றேன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வந்தவர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மூத்தவள்தான், "உடுங்கம்மா. தங்கச்சிய மறைச்சுப் போற ஊடு எனக்கெதுக்கு?" என்று சொல்லி, பஜ்ஜித் தட்டைத் தங்கையிடம் நீட்டினாள். அவளும் எடுத்துத் தின்றாள்.

இப்போது மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு நானே கூடப் போகிறேன். பஸ்ஸில் யாராவது கேட்டால் முன்பெல்லாம் பல்வலி என்போம். இப்போது அந்தப் பொய் கிடையாது, மனசுக்கு வைத்தியம் என்றே சொல்கிறோம். கேட்டவர்கள்தான் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், நாங்கள் இல்லை.